முன்மதிப்பின் பிழையை அளந்தறியும் முறை

தர்மபுரி ஜில்லாவின் மேற்கெல்லையில் ஒகேனக்கல் வழியாகக் காவேரி பாய்ந்தபோதிலும், பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி முதலிய தாலூகாக்களின் மேட்டு நிலங்கள் பலவும் வானம் பார்த்த பூமியே. அவற்றில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விதைக்கும் குடியானவர்கள் மழையையே நம்பி ஏரைப் பூட்டுகிறார்கள். ஆகவே, "இவ்வாண்டு மழை எவ்வளவு பெய்யும்? மகசூல் எவ்வளவு காணும்?" என்னும் இரண்டு கேள்விகளும் ஆண்டுதோறும் எழுவன. முன்னாளில் இவற்றுக்குப் பெரியோரின் அநுபவமும் கிராம கர்ணத்தின் கண்மதிப்பும் விடை கூறின. இந்நாளில் கணிப்பொறி விடை கூறுகிறது. விடை கூறுபவர் யாராயினும், அவ்விடை எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதை அறியாமல் அதை நம்பிப் பணம் போடுவது உசிதமன்று. அத்தவறுதலை அளந்தறியும் முறையை நிலச்சுவான்தார்களும் கிராமாதிகாரிகளும் தெரிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை வரையப்படுகிறது.

கணிப்பொறி மதிப்பிடும் விதம்

ஒரு பக்கத்தில் கடந்த பல ஆண்டுகளின் மழையளவு, வெப்பம், செயற்கைக் கோள் காட்டும் பயிரின் பசுமை ஆகிய விவரங்கள் எழுதப்படுகின்றன. மறு பக்கத்தில் அந்தந்த ஆண்டு உண்மையிற் கண்ட மகசூல் எழுதப்படுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கணிப்பொறி தானே தேடி, எந்த விவரத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தால் மகசூலுக்கு நெருங்கிய எண் கிடைக்கும் என்று தீர்மானிக்கிறது. பிறகு இவ்வாண்டின் விவரங்களைக் கொடுத்தால் இவ்வாண்டின் மகசூலை முன்னதாக மதிப்பிடுகிறது. இப்படி ஓர் எண்ணை மற்ற எண்களிலிருந்து மதிப்பிடும் முறைக்குக் கணித நூலார் தொடர்புப் போக்கு என்று பெயரிட்டிருக்கின்றனர். அதைக் கணிப்பொறியே பழைய உதாரணங்களைக் கொண்டு பயின்றுகொள்வது இயந்திரக் கற்றல் எனப்படும்.

பெயர் புதிதாயினும் வேலை பழையதே. இந்தியாவில் பருவ மழையைப் பற்றிய முதல் முன்னறிவிப்பை வானிலை இலாகாவின் தலைவராயிருந்த பிளான்போர்டு என்பவர் 1886-ம் ஆண்டில், இமயமலையின் பனிப்பொழிவை ஆதாரமாகக் கொண்டு வெளியிட்டார். அவருக்குப் பின் கில்பர்ட் வாக்கர் என்பவர் 1909-ம் ஆண்டில் பல அறிகுறிகளை ஒருங்கு சேர்த்துத் தொடர்புப் போக்குச் சமன்பாட்டினால் மழையை மதிப்பிட்டார். அன்று கையால் செய்த கணக்கை இன்று கணிப்பொறி விரைவாகவும் விரிவாகவும் செய்கிறது.

பிழை என்பது யாது?

உண்மையிற் கண்ட அளவிலிருந்து முன்மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதே பிழை. ஒரு ஏக்கர் கேழ்வரகுக்கு 900 கிலோ என்று மதிப்பிட்டிருக்க, களத்தில் 800 கிலோ கண்டால் பிழை 100 கிலோ குறைவு. 950 கிலோ கண்டால் பிழை 50 கிலோ அதிகம். பிழை நேர்வது மதிப்பிட்டவருக்கு அவமானமன்று. வருங்காலத்தைக் கூறும் எவருக்கும் அது நேரும். பிழையை அளவாமல் விடுவதே குற்றம். எடைக்கல்லைச் சோதியாமல் தானியம் நிறுத்து வாங்குவோர் நம்மில் எவருமிலர். முன்மதிப்பும் ஒருவகை எடைக்கல்லே.

ஒரே ஒரு ஆண்டின் பிழையைக் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது. பல ஆண்டுகளின் பிழைகளை வரிசையாக எழுதிப் பார்க்கவேண்டும். இதற்கு எல்லாரும் அறிந்த ஓர் உண்மைக் கணக்கை எடுத்துக் கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையார் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவ மழை நாடு முழுவதற்கும் எவ்வளவு பெய்யும் என்பதை, நீண்டகாலச் சராசரியை 100 ஆகக் கொண்டு அறிவிக்கின்றனர். அவ்வறிவிப்பும் பிறகு உண்மையாகப் பெய்ததும் 10 ஆண்டுகளுக்குக் கீழே தரப்படுகின்றன.

2015: அறிவிப்பு 93, பெய்தது 86, பிழை 7 குறைவு
2016: அறிவிப்பு 106, பெய்தது 97, பிழை 9 குறைவு
2017: அறிவிப்பு 96, பெய்தது 95, பிழை 1 குறைவு
2018: அறிவிப்பு 97, பெய்தது 91, பிழை 6 குறைவு
2019: அறிவிப்பு 96, பெய்தது 110, பிழை 14 அதிகம்
2020: அறிவிப்பு 100, பெய்தது 109, பிழை 9 அதிகம்
2021: அறிவிப்பு 98, பெய்தது 99, பிழை 1 அதிகம்
2022: அறிவிப்பு 99, பெய்தது 106, பிழை 7 அதிகம்
2023: அறிவிப்பு 96, பெய்தது 94, பிழை 2 குறைவு
2024: அறிவிப்பு 106, பெய்தது 108, பிழை 2 அதிகம்

மூன்று அளவுகள்

இப்பிழைகளை மூன்று விதமாக அளக்கலாம். ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு கேள்விக்கு விடையாகும்.

முதலாவது, சாய்வு. அதிகத்தைக் கூட்டலாகவும் குறைவைக் கழித்தலாகவும் கொண்டு பிழைகளை ஒன்றுசேர்த்துச் சராசரி காண்பது இது. மேற்படி கணக்கில் அதிகங்கள் மொத்தம் 33, குறைவுகள் மொத்தம் 25, மிஞ்சுவது 8. அதை 10 ஆண்டுகளால் வகுத்தால் 0.8. ஆகவே அறிவிப்பு எப்பொழுதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கவில்லை என்று தெரிகிறது. ஆனால் இதைக் கண்டு, "பிழை ஒன்றுக்கும் குறைவே" என்று நினைப்பது தவறு. ஒருவன் ஒரு காலை நெருப்பிலும் மற்றொரு காலைக் குளிர்ந்த நீரிலும் வைத்துக்கொண்டு சராசரியில் சுகமாயிருக்கிறேன் என்று சொல்வதை அது ஒக்கும்.

இரண்டாவது, பிழைச் சராசரி. அதிகம், குறைவு என்ற வேறுபாட்டை நீக்கி, பிழையின் அளவை மட்டும் கூட்டினால் 58. 10-ஆல் வகுத்தால் 5.8. ஓர் ஆண்டின் அறிவிப்பு சராசரியாக எவ்வளவு விலகியது என்பதற்கு இதுவே நேரான விடை.

மூன்றாவது, வர்க்கச் சராசரியின் மூலம். ஒவ்வொரு பிழையையும் அதனாலேயே பெருக்கி வர்க்கமாக்கி, அவ்வர்க்கங்களுக்குச் சராசரி கண்டு, பிறகு வர்க்கமூலம் எடுப்பது இது. மேற்படி கணக்கில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 502, சராசரி 50.2, அதன் மூலம் ஏறத்தாழ 7.1. இவ்வளவு சிரமம் எதற்கென்றால், வர்க்கமாக்கும்போது பெரும்பிழை மிகப் பெரிதாகவும் சிறுபிழை சிறிதாகவும் தோன்றும். 2019-ம் ஆண்டின் பிழையாகிய 14 சாதாரணக் கூட்டலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். வர்க்கக் கூட்டலிலோ 502-க்கு 196, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு.

குடியானவருக்கு இந்த மூன்றாவது அளவு மிகவும் பொருந்தும். ஆண்டுதோறும் ஒரு மூட்டை குறைந்தால் குடும்பம் தாங்கிக்கொள்ளும். ஒரே ஆண்டில் பத்து மூட்டை குறைந்தால் கடனாளியாக நேரும். கூட்டினால் இரண்டும் ஒன்றேயாயினும் அநுபவத்தில் ஒன்றல்ல. பிழைச் சராசரியும் வர்க்கமூலமும் அருகருகே இருந்தால் பிழைகள் ஏறக்குறைய ஒரே அளவுடையன என்றும், வர்க்கமூலம் வெகுவாக உயர்ந்திருந்தால் எப்போதோ ஒரு பெரும்பிழை ஒளிந்திருக்கிறதென்றும் அறியலாம்.

வானிலைத் துறையார் ஏப்ரல் அறிவிப்புடன் "5 பங்கு கூடவோ குறையவோ பிழை நேரலாம்" என்பதையும் சேர்த்தே வெளியிடுகின்றனர். பிழையை மறையாமல் கூறும் இவ்வழக்கம் பாராட்டத்தக்கது. ஆயினும் அந்த 5 என்பது தாண்டமுடியாத வேலியன்று. மேற்கண்ட 10 ஆண்டுகளில் 2017, 2021, 2023, 2024 ஆகிய 4 ஆண்டுகளில் மட்டுமே பிழை அதற்குள் அடங்கிற்று. 2021-ம் ஆண்டு முதல் பல கணிப்பு மாதிரிகளை ஒருங்கே சேர்க்கும் புதுமுறை கையாளப்படுகிறது. அதன் முதல் 4 ஆண்டுகளின் பிழைச் சராசரி 3. அதற்கு முந்திய 6 ஆண்டுகளுக்கு அது ஏறத்தாழ 7.7. இது நம்பிக்கை அளிப்பதாயினும் 4 ஆண்டுகளைக் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது.

எதனோடு ஒப்பிடுவது?

5.8 என்பது நல்லதா, கெட்டதா? தனியே நிற்கும் எண்ணைக் கொண்டு இதைச் சொல்ல முடியாது. ஒன்றுமே அறியாத ஒருவன் ஆண்டுதோறும் "இவ்வாண்டும் சராசரி மழையே, 100" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவனுக்கு எவ்வளவு பிழை நேர்ந்திருக்கும் என்று பார்க்கவேண்டும். அதே 10 ஆண்டுகளில் அவனுடைய பிழைகளின் மொத்தம் 71, சராசரி 7.1, வர்க்கச் சராசரியின் மூலம் 7.9. வானிலைத் துறையின் அறிவிப்பு 5.8-ம் 7.1-ம் ஆகையால் அறியாதவனைக் காட்டிலும் அது மேலானது என்றும், அந்த மேன்மை மிகப் பெரிதன்று என்றும் தெளிவாகிறது.

மகசூலை மதிப்பிடும் எந்தக் கருவியைப் பற்றியும் இக்கேள்வியைக் கேட்கலாம். "சென்ற ஐந்தாண்டுச் சராசரியே இவ்வாண்டும் காணும்" என்று சொல்வதைவிட அக்கருவியின் பிழை குறைந்திருக்கிறதா? குறையவில்லையெனின் அதற்காகச் செலவிடும் பணம் வீண்.

காணாத ஆண்டில் சோதிக்க வேண்டும்

பிழையை அளப்பதில் யாவற்றினும் முக்கியமான விதி ஒன்றுண்டு. கருவி எந்த ஆண்டுகளைக் கண்டு பயின்றதோ அதே ஆண்டுகளில் அதைச் சோதிக்கலாகாது. கேள்வித்தாளை முன்னதாகவே கொடுத்துவிட்டுப் பரீக்ஷை நடத்தினால் மாணாக்கன் முழு மதிப்பெண் வாங்குவதில் அதிசயம் யாது? விவரங்களை மேலும் மேலும் சேர்த்தால் பழைய ஆண்டுகளுக்கு எந்தக் கணக்கும் பொருந்திவிடும். அப்பொருத்தம் வரும் ஆண்டுக்கு உத்தரவாதமாகாது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1988-ம் ஆண்டு முதல் 16 அறிகுறிகளைக் கொண்ட ஒரு தொடர்புப் போக்குக் கணக்கைக் கொண்டு பருவ மழை மதிப்பிடப்பட்டு வந்தது. 1987-ன் வறட்சிக்குப் பின் 2001 வரை அகில இந்திய அளவில் பெரும் வறட்சி நேரவில்லையாதலால், வறட்சியை முன்கூட்டி உணரும் திறமை அக்கணக்குக்கு உண்டா என்பது சோதிக்கப்படாமலே இருந்தது. 2002-ம் ஆண்டில் மழை 101 என்று அறிவிக்கப்பட்டது. பெய்தது 81. அவ்வாண்டின் வறட்சிக்குப் பிறகு அந்த 16 அறிகுறிக் கணக்குக் கைவிடப்பட்டு, 2003-ல் குறைந்த அறிகுறிகளையுடைய புதிய கணக்குகள் ஏற்பட்டன. அறிகுறிகளுக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தம் காலப்போக்கில் தளர்ந்து போவதுண்டு. ஆகையால் சோதனை ஆண்டுதோறும் புதிதாக நடக்கவேண்டும்.

மகசூல் விஷயத்தில் இன்னும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாலக்கோட்டில் 100 வயல்களின் விவரம் இருந்தால், 80-ஐக் கொண்டு பயிற்றி மீதி 20-ல் சோதித்தல் போதுமென்று தோன்றும். ஆனால் அடுத்தடுத்த வயல்கள் ஒரே ஆண்டின் ஒரே மழையில் நனைந்தவை. ஒன்றைக் கண்டவனுக்கு மற்றொன்று பெரும்பாலும் தெரிந்ததே. எனவே ஒரு முழு ஆண்டையோ ஒரு முழு பிர்க்காவையோ விலக்கி வைத்து, கருவி அதைக் காணாதிருக்கும்போது சோதிப்பதே நேர்மையான முறை. நல்ல ஆண்டுகளில் மட்டும் சோதிப்பதும் ஆகாது. குடியானவருக்கு மதிப்பீடு மிகவும் வேண்டியிருப்பது கெட்ட ஆண்டிலேயாகும்.

சாய்வினால் விளையும் நஷ்டம்

சிதறிய பிழையைக் காட்டிலும் சாய்ந்த பிழை பொல்லாதது. சிதறிய பிழைகள் பல வயல்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். சாய்வு எத்தனை வயல்களைச் சேர்த்தாலும் அப்படியே நிற்கும். 1940-களில் வங்காளத்தில் மகலநோபிஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் சிறு அளவுள்ள பாத்திகளை அறுத்து மகசூலைக் கணக்கிட்டு வந்தார். விவசாய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த சுகாத்மே என்னும் அறிஞர், பாத்தி சிறிதாகச் சிறிதாக மகசூல் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றுகிறது என்று பரிசோதனைகளால் காட்டினார். எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் செடியை அறுப்பவர் உள்ளே சேர்த்துவிடும் வழக்கமே இதற்குக் காரணம். சிறிய பாத்தியில் உள்ளளவைப் பார்க்க எல்லையின் நீளம் அதிகமாதலால் இப்பிழை பெரிதாகிறது. ஆயிரம் பாத்திகளை அறுத்தாலும் இது நீங்காது.

இன்று நெல், கேழ்வரகு முதலிய பயிர்களுக்கு 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமுமுள்ள பாத்தி அறுக்கப்படுகிறது. அது 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் 400 பாத்திகள் அடங்கும். ஆகவே தராசில் கால் கிலோ தவறினால் ஹெக்டேருக்கு 100 கிலோ தவறிவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை உதவி அலுவலரும் கயிற்றை இறுகக் கட்டி, வேர் எங்கிருக்கிறதோ அதைக்கொண்டே செடி உள்ளா வெளியா என்று தீர்மானிப்பது எவ்வளவு அவசியம் என்பது இதனால் விளங்கும். கணிப்பொறியும் இவ்வெண்களைக் கண்டே பயில்கிறது; அளவு தவறினால் பயிற்சியும் தவறும்.

2016-ம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கண்ட மகசூல் உத்தரவாத மகசூலுக்கு எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. 2023-ம் ஆண்டு காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும், அறுவடைப் பரிசோதனையோடு செயற்கைக் கோள் முதலிய தொழில்நுட்பங்களால் பெற்ற மதிப்பீட்டுக்கும் நூற்றுக்கு 30 பங்கு இடமளிக்கும் முறை அறிமுகமாயிற்று. இதன் பலனை ஓர் உதாரணத்தால் காண்போம். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 3,000 கிலோ நெல். அறுவடைப் பரிசோதனையில் கண்டது 2,400 கிலோ. குறைவு 600, அதாவது நூற்றுக்கு 20. காப்பீட்டுத் தொகை 80,000 ரூபாயானால் இழப்பீடு 16,000 ரூபாய். கணிப்பொறியின் மதிப்பீடு 2,700 கிலோ என்று வைத்துக்கொண்டால், 2,400-ல் 70 பங்கும் 2,700-ல் 30 பங்கும் சேர்ந்து 2,490 கிலோ ஆகிறது. குறைவு 510, அதாவது நூற்றுக்கு 17. இழப்பீடு 13,600 ரூபாய். பரிசோதனையின் எண் சரியானதாயிருந்தால் குடியானவருக்கு 2,400 ரூபாய் நஷ்டம். கணிப்பொறி குறைத்து மதிப்பிட்டால் அதேபோல் அரசின் பணமும் காப்பீட்டுக் கம்பெனியின் பணமும் வீணாகும். கருவி மிகவும் குறைந்த மகசூலைச் சற்று உயர்த்தியும், மிகவும் உயர்ந்த மகசூலைச் சற்றுத் தாழ்த்தியும் சராசரியை நோக்கி இழுத்து மதிப்பிடுவது தொடர்புப் போக்கின் இயல்பு. ஆகவே வறட்சி ஆண்டுகளின் சாய்வைத் தனியே பிரித்தெடுத்து அளக்கவேண்டுவது இன்றியமையாதது.

நூற்று வீதத்தில் எச்சரிக்கை

பிழையை நூற்று வீதமாகக் கூறுவது எளிதாயினும் சில சமயம் அது மயக்கும். ஏக்கருக்கு 200 கிலோ கண்ட சாமையில் 100 கிலோ தவறினால் பிழை நூற்றுக்கு 50. ஏக்கருக்கு 10,000 கிலோ கண்ட தக்காளியில் 1,000 கிலோ தவறினாலும் நூற்றுக்கு 10 மட்டுமே. ஆகவே வீதத்தோடு கிலோ அளவையும் கேட்டறிய வேண்டும். மேலும், நாடு முழுவதற்கும் கூறப்படும் பிழை ஒரு கிராமத்துக்குப் பொருந்தாது. பரந்த நிலப்பரப்பில் ஓரிடத்து அதிகம் மற்றோரிடத்துக் குறைவை ஈடுசெய்துவிடும். நாட்டு மழை 108 ஆன ஆண்டில் நம் மேட்டு நிலம் காய்ந்திருக்கவும் கூடும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களையும் நம்பியுள்ள நம் ஜில்லாவுக்குத் தென்மேற்குப் பருவத்தின் அகில இந்திய எண் ஒரு குறிப்பேயன்றி விதைப்புக்கு உத்தரவன்று.

செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு குடியானவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வயலின் பெயர், பயிர், அறுவடைக்கு ஒரு மாதம் முன் தாம் மதித்த மகசூல், களத்தில் கண்ட மகசூல் ஆகிய நான்கையும் எழுதி வருக. மதித்ததை அறுவடைக்கு முன்பே எழுதுவது முக்கியம். பிறகு எழுதினால் மனம் தன் பிழையைத் தானே மறைத்துவிடும்.

2. ஐந்தாறு பருவங்கள் சேர்ந்ததும் சாய்வையும் பிழைச் சராசரியையும் கணக்கிடுக. எப்பொழுதும் அதிகமாகவே மதிப்பவர் தம் மதிப்பில் அவ்வளவைக் குறைத்துக்கொண்டு கடனும் உரமும் வாங்குவது நன்று.

3. மழை, மகசூல், விலை ஆகிய எதைப்பற்றியேனும் எவரேனும் முன்மதிப்புக் கொண்டுவந்தால், "கருவி காணாத ஆண்டுகளில் இதன் பிழை எவ்வளவு? மோசமான ஆண்டில் எவ்வளவு? சராசரியைச் சொல்வதைவிட இது எவ்வளவு மேல்?" என்று மூன்று கேள்விகள் கேட்க.

4. கிராமாதிகாரிகள் அறுவடைப் பரிசோதனையின்போது நிலச்சொந்தக்காரரையும் அண்டை நிலத்தாரையும் உடன் வைத்துக்கொண்டு அளந்து, ஈரத்தோடு கண்ட எடையையும் உலர்ந்தபின் கண்ட எடையையும் தனித்தனியே பதிவு செய்க.

5. முன்மதிப்பில் பெரும்பிழை நேரக்கூடும் என்று தெரிந்தால், நிலம் முழுவதையும் ஒரே பயிரில் வைக்காமல் ஒரு பகுதியில் வறட்சியைத் தாங்கும் சாமையோ கொள்ளோ விதைப்பது அப்பிழைக்குக் கட்டும் காப்புத் தொகையாகும்.

கணிப்பொறியின் முன்மதிப்பை முற்றிலும் நம்புவதும் முற்றிலும் தள்ளுவதும் எளிது. அளந்து பார்த்து, தகுந்த அளவுக்கு நம்புவதே விவேகம். மேற்கூறிய கணக்குகளுக்குக் கூட்டலும் வகுத்தலும் வர்க்கமூலமும் தவிர வேறு வித்தை தேவையில்லை. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளே இவற்றைச் செய்து கொடுக்கக்கூடும். குடியானவர்கள் வரும் ஆடிப்பட்டத்திலிருந்தே நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கும்படியும், பயிர்க் காப்பீட்டுக்காக நடைபெறும் பரிசோதனைகளுக்கு நேரில் வந்திருந்து அளவைப் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.